எல்லோருக்கும் கடைசியாகக் களத்தை விட்டு வந்தவர்

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் அஞ்சா நெஞ்சர் பதக்க வழங்கல், பராமரிப்பு மற்றும் மேற்பார்வை இயக்ககம். பெயர்ப்பலகை வாசலை விட அகலமாகப் போய்விட்டதால் அதை மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். நான் அங்கே இருபத்தாறு வருடங்களாகத் தட்டச்சர். போரில் ஒருவன் உயிரைக் கொடுத்து ஏதாவது செய்தால் போதாது. நான் அதைத் தட்டி, மூன்று பிரதி எடுத்து, கையெழுத்துக்கு அனுப்பிய பிறகுதான் அது நடந்ததாக ஆகும்.

பாராட்டுரை தட்டுவது கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. பழைய பாராட்டுரை ஒன்றை எடுத்து ஆளின் பெயரையும் சண்டை நடந்த மேட்டின் எண்ணையும் மாற்ற வேண்டும். கடைசி வரியை மட்டும் தொடக் கூடாது. ‘எல்லோருக்கும் கடைசியாகக் களத்தை விட்டு வந்தவர் இவரே.’ இந்த வரி இல்லாத கோப்பைத் தேர்வுக் குழு ஏறெடுத்தும் பார்க்காது. ஒரு வருடம் ஒரே சண்டைக்காக ஐந்து பேருக்குப் பதக்கம் கொடுத்தோம். ஐந்து பேருமே எல்லோருக்கும் கடைசியாக வந்திருந்தார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இயக்குநர் ஓய்வுபெற்ற பிரிகேடியர். வாயைத் திறந்தால் ‘முறைப்படி’ என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் எங்களுக்குள் அவர் முறைப்படியார். போர்க்களத்தை அவர் தினமும் பார்ப்பவர். அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

நான் சொல்ல வந்த வருடம் சண்டை பதினெட்டு நாள் நடந்தது. பதக்கம் ஐந்து வார்த்து வந்தது. நான்கு பதக்கங்கள் பெட்டியைத் திறப்பதற்குள் போய்விட்டன. ஒன்று, சண்டை நடந்த வாரத்தில் காய்ச்சலோடு தலைமையகத்துக்கு வந்துபோன ஜெனரலுக்கு. ஒன்று, மூன்று நாள் வீட்டுக்கு போன் பண்ணாமல் தாக்குப்பிடித்த கர்னலுக்கு. ஒன்று, விமானச் சத்தம் கேட்டும் சாப்பாட்டைப் பாதியில் விடாத உணவுக் கிடங்கு மேஜருக்கு. நான்காவது அமைச்சரின் மைத்துனருக்கு. அவர் என்ன செய்தார் என்பது ராணுவ ரகசியம், அவருக்கே தெரியாது.

ஐந்தாவதைக் கீழ்மட்டத்தில் யாருக்காவது கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பத்திரிகைக்காரர்கள் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அப்படித்தான் தண்ணி லாரி டிரைவர் எங்கள் மாடிப்படியில் ஏறினார்.

ஐம்பது வயது, ஸ்டியரிங்கைப் பிடித்தே கூன் விழுந்த முதுகு. நாற்பத்தேழாம் மேட்டில் மாட்டிக்கொண்ட பதினோரு வீரர்களைத் தன் லாரியின் டேங்க் மேல் உட்காரவைத்து, கயிற்றால் கட்டி, கீழே கொண்டுவந்து சேர்த்தவர். இவ்வளவு போதும் என்று நீங்களும் நானும் நினைப்போம். வீர அளவீட்டுப் பிரிவு அப்படி நினைக்காது. நூற்றுக்கு அறுபது எடுத்தால்தான் வீரம்.

“எத்தனை எதிரிங்களக் கொன்னீங்க?” என்று கேட்டார் அளவீட்டு அதிகாரி.

“யாரையும் கொல்லல சார். தண்ணி கொண்டு போனேன்.”

“அந்தத் தண்ணிய குடிச்சு எதிரி யாரும் சாகலையா?”

“இல்ல சார். நல்ல தண்ணி.”

அதிகாரி பூஜ்யம் போட்டார். “காயம்?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டிக்குத்தான். நாலு டயர் போச்சு.”

‘நான்கு காயம்’ என்று எழுதிக்கொண்டார். “களத்தில சிந்தினது எவ்வளவு? லிட்டர்ல சொல்லுங்க.”

“போற வழியிலயே டேங்க்ல குண்டு பட்டு மொத்தமும் ஒழுகிடுச்சு சார். நாலாயிரம் லிட்டர்.”

படிவத்தின் அந்தக் கட்டத்தில் ரத்தம் என்று எங்கும் அச்சடிக்கவில்லை. அதற்கு முன் எங்கள் இயக்ககம் பதிவு செய்த அதிகபட்சம் ஒன்றே கால் லிட்டர். நாலாயிரத்தைப் பார்த்ததும் அதிகாரி எழுந்து நின்று டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

“சார், இன்னொண்ணு சொல்லணும். அங்க வயர்லெஸ்காரர் ஒருத்தர் இருந்தார். உண்மையில அவர்தான்...”

“அது அவர் கோப்பில வரும்.”

“அவருக்கு கோப்பு இருக்கா சார்?”

“அவர் நேர்ல வந்து விண்ணப்பிச்சா ஆரம்பிப்போம்” என்று சொல்லி அதிகாரி கோப்பைக் கட்டினார். நூல் முடிச்சு விழுந்தது. அதற்குமேல் எங்கள் இயக்ககத்தில் யாருடைய வாயிலிருந்தும் எதுவும் உள்ளே போகாது.

கோப்பு என் மேசைக்கு வந்தது. பழைய பாராட்டுரையை எடுத்தேன், பெயரை மாற்றினேன், மேட்டின் எண்ணை மாற்றினேன். எல்லோருக்கும் கடைசியாகக் களத்தை விட்டு வந்தவர் இவரே. கை தானாகவே தட்டியது. ஐந்தரை பஸ்ஸில் ஜன்னலோர இடமும் கிடைத்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாராட்டுரை கையெழுத்தானதும் அதன் பிரதி ராணுவப் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போகும். பதிவேடும் பாராட்டுரையும் முரண்பட்டால் பதிவேட்டைத் திருத்திவிடுவார்கள். அதுவரை வயர்லெஸ்காரர் பெயருக்கு நேரே ‘தகவல் இல்லை’ என்று இருந்தது. அங்கே இருந்த குமாஸ்தா கெட்டிக்காரர், கூட்டிக் கழித்துப் பார்த்தார். மேட்டில் பன்னிரண்டு பேர். லாரியில் வந்தது பதினோரு பேர். எல்லோருக்கும் கடைசியாக வந்தது டிரைவர். அப்படியானால் பன்னிரண்டாவது ஆள் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். ‘தகவல் இல்லை’யை அடித்துவிட்டு ‘உத்தரவின்றிக் களத்தை விட்டு ஓடியவர்’ என்று எழுதினார். வீட்டுக்குக் கடிதமும் போனது. ஓடிப்போனவர் மேட்டில் இருக்க மாட்டார் என்பதால் மேட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலையும் மிச்சமாயிற்று. மேடு எங்கள் பக்கம்தான் இருக்கிறது. சண்டை நின்ற நாளிலிருந்து அது தடைப் பகுதி, உள்ளே போக மூன்று அலுவலகங்களின் அனுமதி வேண்டும்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. தெரிந்திருந்தால் தட்டியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். தட்டியிருப்பேன்.

விழா விமரிசையாக நடந்தது. டிரைவரின் மார்பு பதக்கத்துக்குப் போதவில்லை என்று உள்ளே பஞ்சு வைத்தார்கள். கூன் தெரியாமலிருக்கச் சட்டைக்குள் முதுகோடு ஒரு பலகையைக் கட்டினார்கள். பாதுகாப்புத் துறை அமைச்சருக்கு ஊசி என்றால் சிறு வயதிலிருந்தே நடுக்கம், குத்த மாட்டார். அதனால் எங்கள் பதக்கத்தில் ஊசி கிடையாது, பின்னால் காந்தம். பெறுபவரின் சட்டைக்குள் ஒரு இரும்புத் தகடு வைத்துவிடுவோம். அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் போதும், பதக்கம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

விழா முடிந்ததும் முறைப்படியார் விதிகளைப் படித்துக் காட்டினார். பதக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வீரம் இருப்பதாகக் கருதப்படும். அதைக் கண்டால் காவலாளி முதல் ஜெனரல் வரை எழுந்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். பதக்கம் போகும் வண்டியை எந்தத் தடுப்பிலும் நிறுத்தக் கூடாது. பதக்கம் அலுவல் நிமித்தம் வெளியூர் போனால் இயக்ககப் பணியாளர் ஒருவர் அதன் பெட்டியையும் துடைக்கும் துணியையும் எடுத்துக்கொண்டு கூடப் போக வேண்டும். இவ்வளவையும் பலகையோடு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார் டிரைவர்.

அடுத்த வாரம் அவர் திரும்ப வந்தார். கூடவே வயர்லெஸ்காரரின் மனைவி. அச்சகத்தில் புத்தகங்களுக்குத் தையல் போட்டு அட்டை ஒட்டும் வேலை அவருக்கு, விரல் நகங்களின் ஓரத்தில் பசை காய்ந்திருந்தது. குறிப்பெடுக்க என்னையும் முறைப்படியாரின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா கடிதத்தை மேசையில் வைத்தார். “எட்டு மாசமா காணோம்னு சொல்லிட்டிருந்தீங்க. இப்ப ஓடிட்டார்னு எழுதியிருக்கீங்க. யார் பார்த்தா?”

“முறைப்படி யாரும் பார்க்கணும்னு இல்லம்மா. பாராட்டுரையில இருந்து தெரிய வருது.”

“அச்சகத்துல என்கூட உக்காந்து சாப்பிடுறவங்க டிபன் டப்பாவை எடுத்துட்டு வேற மேசைக்குப் போயிட்டாங்க. ‘உங்கப்பா எந்தப் பக்கமா ஓடினார்?’னு ஸ்கூல்ல என் பொண்ணக் கேக்குறாங்க. அவர் எங்க இருக்கார்? அதைச் சொல்லுங்க, போதும். செத்திருந்தா நான் போய் எடுத்துட்டு வந்துக்கறேன்.”

அந்த வரி என் கையால் வந்தது. குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

டிரைவர் சொன்னார். “சார், கடைசியா வந்தது நான்னு எழுதியிருக்கீங்க, அதுதான் வம்பு. அந்தப் பதினோரு பேரையும் வண்டியில ஏத்திவிட்டது அவர்தான். ‘நீங்க கெளம்புங்கண்ணே, நான் வயர்லெஸ்ல பேசிட்டே இருந்தாதான் இங்க இன்னும் பட்டாளம் இருக்குன்னு எதிரி நம்புவான்’னார். நாங்க எறங்கி முடிக்கிற வரைக்கும் இல்லாத பட்டாளத்துக்கெல்லாம் உத்தரவு போட்டுட்டே இருந்தார். என் வண்டியிலயும் வயர்லெஸ் பெட்டி இருக்கு, கேட்டுட்டே வந்தேன். அந்த வரியை மாத்துங்க.”

முறைப்படியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம்.

“பாராட்டுரை தப்புன்னா பதக்கம் தப்பு. பதக்கம் தப்புன்னா அதைக் கொடுத்த அமைச்சர் தப்பு. அமைச்சர் தப்புன்னா போரே தப்பு. ஒரு லாரி டிரைவர் சொல்றார்ங்கறதுக்காக, நடந்து முடிஞ்ச போரை ரத்து பண்ண முடியுமா?”

“பண்ணினா நல்லதுதான் சார்” என்றார் டிரைவர்.

அது முறைப்படியார் காதில் விழவில்லை. “இன்னொரு விஷயம் யோசிங்கம்மா. ஒருத்தர் ஓடினாத்தானே இன்னொருத்தர் நின்னது எடுப்பாத் தெரியும்? எல்லாரும் நின்னுட்டா நாங்க யாருக்குப் பதக்கம் கொடுக்கறது? உங்க வீட்டுக்காரர் அந்த வகையில இந்த நாட்டுக்கு ரொம்பப் பயன்பட்டிருக்கார். உண்மையைச் சொன்னா, நானும் முப்பத்தஞ்சு வருஷம் பட்டாளத்துல இருந்தேன், ஒரு தடவைகூட முன்னால போகல. போயிருந்தா உயிரோட வந்திருப்பேனா? நான் வரலைன்னா இந்த இயக்ககத்தை நடத்துறது யாரு?”

டிரைவருக்கு முகம் இறுகியது. சட்டைப்பையிலிருந்து பதக்கத்தை எடுத்தார். “அப்படின்னா இது எனக்கு வேணாம்” என்று மேசையில் வைக்கப் போனார். பக்கத்தில் இருந்தது இரும்பு பீரோ. பதக்கம் கையிலிருந்து நழுவிப் போய் ‘டக்’கென்று பீரோவில் ஒட்டிக்கொண்டது.

வாசலில் நின்ற பியூன் பீரோவுக்கு சல்யூட் அடித்தான். முறைப்படியாருக்கு வேறு வழியில்லை. எழுந்து நின்று அவரும் அடித்தார்.

“முறைப்படி பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கறது கோழைத்தனம். அதுக்கு ஆறு மாசம் காவல்” என்றார், கையை இறக்காமலே. “உடனே எடுங்க. என்னால உக்கார முடியல.”

டிரைவர் அவசரப்படாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா டிரைவர் பக்கம் திரும்பினார். “கடைசியா என்ன சொன்னார்ணே? நீங்க இதுவரைக்கும் எங்கிட்ட சொல்லல.”

டிரைவர் தயங்கினார். “உத்தரவெல்லாம் தீந்துபோச்சும்மா. நிறுத்தினா தெரிஞ்சிடுமே. அதான், வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சார். ஏழாம் வாய்ப்பாடு. எதிரிங்க அதை ரகசியக் குறியீடுன்னு எழுதிட்டிருந்திருப்பாங்க.”

“ஏழெட்டு எவ்வளவுன்னு சொன்னார்?”

“ஐம்பத்துநாலுன்னார்.”

“அவர்தான்” என்றார் அந்த அம்மா. “பாப்பாவுக்குச் சொல்லித் தரும்போதும் அப்படித்தான் சொல்வார். ரெண்டு பேருக்கும் ஏழாம் வாய்ப்பாடு வராது.” முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தமே வரவில்லை.

“அதுக்கப்புறம் வளைவு வந்துடுச்சு. ஒண்ணும் கேக்கல” என்றார் டிரைவர்.

“முறைப்படி வயர்லெஸ்ல தப்பான கணக்கு சொல்றதும் குற்றம்” என்றார் முறைப்படியார். “போகட்டும், அதை நான் பெருசுபடுத்தல.”

இருபத்தாறு வருடத்தில் அந்த அறையில் நான் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு என்ன வந்ததோ, திறந்துவிட்டேன்.

“ஐயா, வரியை மாத்தவே வேணாம். களத்தை விட்டு வந்தவங்கள்ல கடைசி ஆள் டிரைவர். அது சரிதான். வயர்லெஸ்காரர் களத்தை விட்டு வரவே இல்லையே. வராதவர் எப்படி முன்னாடி வந்தவராவார்?”

முறைப்படியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கூரையைப் பார்த்தார், சுவரில் இருந்த போர்க்களத்தைப் பார்த்தார். முகத்தில் பல்பு எரிந்தது.

“வரி நிக்குது?”

“நிக்குதுங்க ஐயா.”

“பதக்கம் நிக்குது?”

“நிக்குதுங்க.”

“அப்ப சரி. எழுதிக்கோ.”

பத்து நிமிடத்தில் தட்டிக் கொண்டுவந்தேன். மேற்படி வயர்லெஸ்காரர் களத்தை விட்டு ஓடவில்லை என்றும், திரும்பி வரும்படி அவருக்கு உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படாததால் இன்றுவரை நாற்பத்தேழாம் மேட்டில் பணியில் உள்ளார் என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது. முறைப்படியார் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஊதி, அந்த அம்மாவிடம் நீட்டினார். ஒரு குடும்பத்தையே வாழவைத்த முகம் அவருக்கு.

அந்த அம்மா முதலில் ‘ஓடவில்லை’ என்ற இடத்தைப் படித்தார். அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மிச்சத்தைப் படித்தார்.

“பணியில இருக்கார்னு போட்டிருக்கு. எட்டு மாசமா யாரும் போய்ப் பார்க்கலையா?”

“பணியில இருக்கறவர எதுக்கும்மா போய்ப் பார்க்கணும்?”

“பணியில இருந்தா லீவு உண்டா?”

“முறைப்படி உண்டு. வருஷத்துக்கு முப்பது நாள். எட்டு மாசத்துக்கு இருபது நாள் சேர்ந்திருக்கும்.”

“அவருக்கு லீவு வேணும். வீட்டுக்கு வரணும்.”

முறைப்படியார் இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். இழுத்தடிப்பதற்கென்று அவரிடம் எப்போதும் ஒரு பாரம் தயாராக இருக்கும். “தாராளமா போடுங்க. ஆனா விண்ணப்பதாரர் கையெழுத்து வேணும். அவருக்குப் பதிலா வேற யாரும் போட முடியாது. அவரே, நேர்ல.”

அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. அந்த அம்மா பாரத்தை வாங்கி, மடங்காமல் கைப்பையில் வைத்தார்.

“சரிங்க. வாங்கிட்டு வரேன்” என்றார். “வண்டிய எடுங்கண்ணே.”

முறைப்படியாருக்கு அது உறைப்பதற்குள் நாங்கள் படியிறங்கிவிட்டோம். நாங்கள் என்று சொல்வதற்குக் காரணம், பதக்கம் அலுவல் நிமித்தம் வெளியூர் போகிறது, பெட்டியோடும் துணியோடும் ஒரு பணியாளர் கூடப் போக வேண்டும். நான் விதியை மீறாதவன். அன்றைக்கு ஐந்தரை பஸ் நான் இல்லாமல்தான் போயிருக்கும்.

டிரைவர் பதக்கத்தை எடுத்து லாரியின் கதவில் வைத்தார். ‘டக்’. நியாயமாகப் பார்த்தால் நான்கு காயம் பட்டதும் நாலாயிரம் லிட்டர் சிந்தியதும் அந்த லாரிதான். அந்தப் பதக்கம் முதல் தடவையாக உரிய இடத்தில் இருந்தது. போகும் வழியில் அந்த அம்மா தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே போய் ஒரு புதுப் போர்வையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். இருக்கைக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி இருந்தது. அது எப்போது அங்கே வந்தது என்று நான் டிரைவரைக் கேட்கவில்லை.

முதல் தடுப்பில் காவலாளிகள் கதவைப் பார்த்தார்கள், விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள், கம்பத்தைத் தூக்கினார்கள். இரண்டாவது தடுப்பில் ஒரு கேப்டன் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடிவந்து அடித்தார், கழுவாத கையாலேயே. மூன்று அலுவலகங்களின் அனுமதியை யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் தன் கணவனைத் தேடிப் போகிறாள் என்றால் எட்டு மாதம் வாசலில் உட்காரவைப்பார்கள். ஒரு லாரிக் கதவுக்கு இவ்வளவு மரியாதை.

கடைசித் தடுப்பு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. வளைவைத் தாண்டிவிட்டோம். மேலே கருகிய மரங்களும் சரிந்து கிடந்த மணல் மூட்டைகளும் தெரிந்தன. அங்கே தனியாக ஒரு காவலாளி. சல்யூட் அடித்துவிட்டு, பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

“நிறுத்தக் கூடாதுன்னு தெரியும். பதிவு மட்டும் போட்டுக்கறேன். என்ன வேலையா போறீங்க?”

“லீவு பாரத்துல கையெழுத்து வாங்க” என்றார் அந்த அம்மா, பாரத்தைக் காட்டி.

காவலாளி பாரத்தைப் பார்த்தார். மடியில் இருந்த போர்வையைப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொண்டார்.

“போறது எத்தனை பேர்?”

“மூணு” என்றார் டிரைவர்.

“திரும்பி வர்றது?”

டிரைவர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாலு” என்றார் அந்த அம்மா.

காவலாளி குனிந்து நாலு என்று எழுதிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கம்பத்தைத் தூக்கினார்.